சோபே ஆற்றில் மூன்று மாலைகள்: கசானே படகு சஃபாரி

போட்ஸ்வானாவின் வடக்கு முனையில் இருக்கும் கசானே என்ற சிற்றூரில் சென்ற செப்டம்பர் மாதம் நானும் என் அம்மாவும் நான்கு நாட்கள் தங்கினோம். அதில் மூன்று மாலைகள் சோபே ஆற்றில் படகில் சென்றோம். முதல் மாலை பெரிய படகில், அடுத்த இரண்டு மாலைகளும் சிறிய படகில். ஒரே ஆறு, ஒரே கரை, ஏறத்தாழ ஒரே நேரம். ஆனாலும் முதல் நாள் பார்த்ததும் மறுநாள் பார்த்ததும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல இருந்தன. அதனால்தான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன். அங்கே போக எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: தங்கும் விடுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், படகில் மட்டும் பிடிக்காதீர்கள்.

அங்கோலாவின் மேட்டு நிலத்தில் குவாண்டோ என்ற பெயரோடு பிறக்கும் ஆறு இது. வழியில் லின்யான்டி என்று பெயர் மாறி, கடைசியில் சோபே ஆகி, கசானேக்குச் சற்றுக் கிழக்கே கசுங்குலாவில் ஜாம்பெசியோடு கலக்கிறது. போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளும் அந்த இடத்தில்தான் நெருங்கி வந்து நிற்கின்றன. 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 923 மீட்டர் நீளமுள்ள கசுங்குலா பாலமும் அங்கேதான் இருக்கிறது. ஜாம்பெசியில் வெள்ளம் மிகுந்த மாதங்களில் அதன் நீர் சோபேக்குள் ஏறி, ஆறு சில காலம் வந்த வழியே திரும்பி ஓடும் என்று எங்கள் படகோட்டி சொன்னபோது அம்மா முதலில் நம்பவில்லை. கரையோரச் சமவெளி வருடத்தில் பாதி நாட்கள் புல்வெளியாகவும் மீதி நாட்கள் நீர்ப்பரப்பாகவும் இருப்பதற்குக் காரணம் அந்த எதிரேற்றம்தான்.

ஜிம்பாப்வே பக்கத்து விக்டோரியா அருவியிலிருந்து சாலை வழியாக வந்தோம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர். எல்லைச் சாவடியில் காலணியோடு மருந்து நனைத்த விரிப்பின் மேல் நடக்கச் சொன்னார்கள். கோமாரி நோய் காலணியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு என்பதால் அதில் அவர்கள் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள். பெட்டிக்குள் வைத்திருக்கும் மாற்றுச் செருப்பையும் எடுத்து வைக்கச் சொல்லக்கூடும், கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கசானே ஊருக்கு மேற்கே, ஆற்றின் தென்கரை முழுவதும் சோபே தேசியப் பூங்கா. 1967இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பூங்காவின் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். ஆனால் மழையற்ற மாதங்களில் அங்கே வற்றாமல் நீர் இருக்கும் இடங்கள் மிகச் சில. உள்காட்டில் மழைக்காலத்தில் நிரம்பும் குட்டைகள் ஜூலை, ஆகஸ்டில் ஒவ்வொன்றாக வறண்டுவிடுகின்றன. அதன் பிறகு யானைக்கும் எருமைக்கும் வரிக்குதிரைக்கும் ஆற்றை விட்டால் வேறு போக்கில்லை. ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் விலங்கு யானை. அது நீருக்கு வருவதைத் தள்ளிப்போட முடியாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு, தென்கரைச் சரிவில் புழுதி எழும்பினால் அதன் கீழே ஒரு யானைக் குடும்பம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நவம்பரில் முதல் மழை விழுந்ததும் குட்டைகள் நிரம்பி, யானைகள் உள்காட்டுக்குள் பரவிவிடும். வரிக்குதிரைகளில் ஒரு பகுதி தெற்கே நக்சாய் பான் என்ற சமவெளி வரை நடந்தே போய்விடும். பறவைகளுக்காகப் போகிறவர்கள் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். யானைக்காகப் போகிறவர்கள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போவதே சரி, அக்டோபர் வெயில் கடுமையானது என்றாலும்.

முதல் மாலை நடந்ததை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். விடுதியில் கேட்டபோது கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தது இரண்டு அடுக்குள்ள பெரிய படகு. நாற்பது பேருக்குக் குறையாமல் ஏறியிருந்தார்கள். மேலடுக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குளிர்பானமும் பீரும் கைமாறிக்கொண்டிருந்தன. அதைக்கூட நான் குறையாகச் சொல்லமாட்டேன், ஆற்றில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க வந்தவர்களுக்கு அது போதும். ஆனால் ஆற்றின் நடுவே இருக்கும் செடுடு தீவுக்குத் தென்புறக் கால்வாயில், பதினோரு யானைகள் கொண்ட ஒரு குடும்பம் நீருக்கு இறங்கி வந்தபோது, எங்கள் படகு எஞ்சினை நிறுத்தாமலேயே கரைக்கும் அவற்றுக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளியை நோக்கிப் போனது. எதிர்ப்புறத்திலிருந்து இன்னொரு படகும் நெருங்கியது. முன்னே வந்த முதிய பெண் யானை நின்றது. காதுகளை முழுதாக விரித்து, தலையை உயர்த்தி, எங்களையே பார்த்தது. பிறகு திரும்பியது. அதன் பின்னால் வந்த பத்தும் திரும்பின. அவற்றில் ஒன்றுகூடத் தண்ணீரில் தும்பிக்கை வைக்கவில்லை. படகில் இருந்தவர்களில் பலர் அது திரும்பிய காட்சியைப் படம் எடுத்துக்கொண்டு மகிழ்ந்தார்கள். “பாவம், தாகத்தோட போகுதே,” என்றார் அம்மா. அன்று இரவு உணவின்போது வேறு எதையும் அவர் பேசவில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிட நான் விரும்பவில்லை. பெரிய படகுகள் அனைத்தும் அப்படித்தான் என்றும் சொல்லமாட்டேன். நாற்பது பேரில் ஒவ்வொருவருக்கும் நல்ல படம் கிடைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியும், குறித்த நேரத்தில் துறைக்குத் திரும்பியாக வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்தால், எவ்வளவு நல்ல படகோட்டியாலும் காத்திருக்க இயலாது.

மறுநாள் விடுதி வரவேற்பில் விசாரித்து, எட்டு இருக்கைகள் கொண்ட அலுமினியப் படகு ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டோம். கட்டணம் முதல் நாளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. எங்களோடு வந்தவர்கள் மூன்று பேர் மட்டுமே. படகோட்டி ஐம்பது வயதைக் கடந்தவர்; அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். செட்ஸ்வானா மொழியில் “துமேலா ம்மா” என்று அம்மாவுக்கு வணக்கம் சொல்லி, அவருடைய முழங்காலைப் பார்த்துவிட்டு, ஏறும் இடத்தில் தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பூங்கா எல்லையில் வனத்துறையின் படகுத்துறையில் நின்று பதிவு செய்த பிறகு ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றோம்.

அவர் செய்ததை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடுக்கும் பணம் அதற்காகத்தான். கரையில் யானை தென்பட்டதும் அதை நோக்கி அவர் படகைத் திருப்பவில்லை. அவை எந்த வழியாக இறங்கும் என்பதைச் சரிவில் இருந்த தடத்தைப் பார்த்துக் கணித்து, அந்த இடத்துக்குக் கீழே, நீரோட்டத்தின் பக்கமாக முன்கூட்டியே போய், எஞ்சினை அணைத்து, படகின் முனையைக் கோரைப்புல் திட்டில் செருகி நிறுத்தினார். “இனி நாம் வரவில்லை, அவைதான் வருகின்றன,” என்று மெதுவாகச் சொன்னார். அதன்பின் முப்பத்தைந்து நிமிடம் எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

முதலில் கேட்டது ஆழ்ந்த உறுமல். பிறகு மணலில் பாதம் அழுந்தும் ஓசை. அவ்வளவு பெரிய உடலுக்கு அது நம்ப முடியாத அளவுக்கு மெல்லிய ஓசை. படகிலிருந்து பதினைந்து அடி தொலைவில் ஒரு தாய் யானை முன்னங்கால்கள் நனையும்வரை இறங்கி, தும்பிக்கையில் நீரை உறிஞ்சி, தலையைப் பின்னே சாய்த்து வாய்க்குள் ஊற்றிக்கொண்டது. ஊற்றும்போது எழும் கொடகொடவென்ற ஒலி எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அதன் கால்களுக்கிடையே நின்ற கன்றுக்குப் பிறந்து சில மாதங்களே ஆகியிருக்க வேண்டும். அதற்குத் தும்பிக்கையால் குடிக்கத் தெரியவில்லை. தும்பிக்கையை நீரில் போட்டு அலைத்துப் பார்த்தது, தூக்கி உதறியது, நுனியை மிதித்துக்கொண்டது. கடைசியில் முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டு, தும்பிக்கையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, வாயை நேராகத் தண்ணீரில் வைத்துக் குடித்தது. தும்பிக்கையைப் பயன்படுத்தப் பழகும்வரை கன்றுகள் இப்படித்தான் குடிக்கும் என்று படகோட்டி பிறகு விளக்கினார். நம் ஊர்க் கோயில் யானையையும் முதுமலை யானையையும் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு, பெண் யானைக்கும் தந்தம் இருப்பது பெரும் வியப்பு. தும்பிக்கையின் நுனியில் விரல் போன்ற முனை நம் யானைக்கு ஒன்று, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அந்த இரண்டு முனைகளாலும் அது ஒரு புல் தாளைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் போட்டுக்கொண்டதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தோம். இதை ஜீப்பில் இருந்து பார்க்க முடியாது. நீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் விலங்கு நம்மைவிட உயரத்தில் நிற்கிறது. அதன் கண் நம்மைக் குனிந்து பார்க்கிறது.

திரும்பும் வழியில் அல்லி இலைகளின் மேல் நடந்துகொண்டிருந்த இலைக்கோழிகளுக்காகவும் அவர் அதே பொறுமையோடு நின்றார். நீண்ட விரல்கள் எடையைப் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. அந்தப் பறவையில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண்தான். ஆபத்து நெருங்கினால் குஞ்சுகளை இறக்கைகளுக்குள் அள்ளிக்கொண்டு நடக்கும், அப்போது தந்தையின் வயிற்றுக்குக் கீழே பல கால்கள் தொங்குவதுபோலத் தோன்றும். நாங்கள் அதைப் பார்த்தோம். ஆற்றின் செங்குத்துக் கரையில் வளை தோண்டிய செந்நிறப் பஞ்சுருட்டான்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. மணல்திட்டு ஒன்றில் மேலலகைவிடக் கீழலகு நீண்ட, நீரைக் கிழித்தபடி பறந்து மீன் பிடிக்கும் கருப்பு வெள்ளைப் பறவைகள் முட்டையிட்டிருந்தன. படகின் அலை அந்தக் கூடுகளை நனைத்துவிடும் என்பதால் அந்த இடத்தில் எஞ்சினின் வேகத்தை மிகவும் குறைத்தார். பின்னால் வந்த வேறொரு படகு அப்படிக் குறைக்கவில்லை.

நீர்யானைகளிடம் மட்டும் அவர் நெருங்க மறுத்தார். அவை நீந்துவதில்லை, ஆற்றின் அடித்தரையில் நடக்கின்றன, ஐந்து நிமிடம்வரை மூச்சடக்கி இருக்கக்கூடியவை என்பதால் அடுத்து எங்கே தலை தூக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். படகில் இருந்த இளைஞர் ஒருவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகும்படி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சிரித்த முகத்தோடு தலையசைத்து மறுத்துவிட்டார். கேட்டதற்கெல்லாம் இணங்காத படகோட்டியே நல்ல படகோட்டி என்று எனக்குத் தோன்றியது.

ஜீப் சஃபாரியையும் ஒரு காலை முயன்றோம். நியாயமாகச் சொன்னால், சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் வேண்டுமென்றால் தரைவழிதான் சரி. நாங்களும் புதர் நிழலில் படுத்திருந்த மூன்று சிங்கங்களைக் கண்டோம். ஆனால் ஆற்றோர மணல் பாதையில் மூன்று மணி நேரக் குலுக்கலுக்குப் பிறகு அம்மாவால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் ஜீப்பை ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தை ஆற்றுக்கு ஒதுக்குவது நல்லது. போட்ஸ்வானாவில் இந்தப் பகுதியை விட்டால் வேறெங்கும் எளிதில் காண முடியாத புக்கு மானையும், ஈரப் புல்வெளியில் நீரைத் தெறித்துக்கொண்டு ஓடும் லெச்வே மானையும், மணல் மேட்டில் வாய் பிளந்து கிடக்கும் முதலைகளையும், நூற்றுக்கணக்கான எருமைகளையும் படகிலிருந்தே பார்த்துவிட்டோம்.

செடுடு தீவைப் பற்றி ஒரு செய்தி. ஏறத்தாழ மூன்றரை சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தப் புல் தீவுக்கு நமீபியாவில் கசிகிலி என்று பெயர். ஆற்றின் முதன்மைக் கால்வாயே எல்லை என்று 1890ஆம் ஆண்டு இந்தப் பகுதிகளை ஆண்ட பிரிட்டனும் ஜெர்மனியும் எழுதிக்கொண்ட உடன்படிக்கை சொன்னது. தீவின் இருபுறமும் ஓடும் கால்வாய்களில் எது முதன்மையானது என்பதை அது சொல்லவில்லை. போட்ஸ்வானாவும் நமீபியாவும் துப்பாக்கியை எடுக்காமல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயின; ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, வடக்குக் கால்வாயே முதன்மையானது, ஆகவே தீவு போட்ஸ்வானாவுக்கு உரியது என்று 1999 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இரு கால்வாய்களிலும் இரு நாட்டுப் படகுகளுக்கும் சம உரிமை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதனால்தான் நமீபியக் கரை விடுதிகளின் படகுகளையும் இங்கே பார்க்கிறோம். தீவில் இப்போது போட்ஸ்வானாவின் கொடி ஒன்று பறக்கிறது. அதன் கீழே எருமைகள் மேய்கின்றன.

இவ்வளவு யானைகளைக் கண்ட மகிழ்ச்சியோடு வேறொன்றையும் கண்டோம். தென்கரைச் சரிவில் பல இடங்களில் பெரிய மரங்களே இல்லை. பட்டை உரிந்து, வெளுத்து, எலும்புபோல் நிற்கும் அடிமரங்கள்தான் இருக்கின்றன. யானைகள்தான் அழித்துவிட்டன என்று பயணிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் தந்தத்துக்காக இந்தப் பகுதியின் யானைகள் ஏறக்குறைய முற்றிலும் வேட்டையாடப்பட்டன. 1890களில் வந்த கால்நடைக் கொள்ளைநோய் எருமைகளையும் மான்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. மேயும் வாய்கள் இல்லாத அந்த இடைவெளியில் தழைத்த காட்டைத்தான் பின்னால் வந்தவர்கள் இயற்கை என்று எண்ணினார்கள் என ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்போது யானைகள் திரும்பி வந்திருக்கின்றன. அங்கோலாவும் இங்கே நெருங்கி நிற்கும் நான்கு நாடுகளும் சேர்ந்து தங்கள் எல்லையோரக் காடுகளில் 2022இல் நடத்திய கணக்கெடுப்பில், அந்தப் பெரும் பரப்பில் ஏறத்தாழ 2,28,000 யானைகள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 1,32,000 போட்ஸ்வானாவில் இருப்பதாகவும் மதிப்பிட்டார்கள். அந்த எண்ணிக்கையோடு பக்கத்தில் வாழ்வது எளிதல்ல. எங்கள் படகோட்டியின் அக்கா வீட்டுச் சோளக் கொல்லை ஒரே இரவில் தரைமட்டமானதாம். 2014இல் நிறுத்திவைத்த வேட்டை உரிமத்தை அரசு 2019இல் மீண்டும் அனுமதித்ததைப் பற்றி வெளிநாட்டினர் கோபப்படுவதை அவர் அறிவார். “யானை எங்களுக்குச் சோறும் போடுகிறது, சோற்றையும் தின்கிறது,” என்றார். அவருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி அவரைப் போன்றவர்களின் கூலியாகப் போய்ச் சேருகிறது என்பதும் சிறிய படகுக்குக் கூடுதலாகக் கொடுத்ததை நான் வீண் என்று எண்ணாததற்கு ஒரு காரணம்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முன்பதிவு செய்யும்போது படகில் எத்தனை இருக்கைகள், எத்தனை மணி நேரம், எஞ்சினை அணைத்துக் காத்திருப்பார்களா என்று கேளுங்கள்; கடைசிக் கேள்விக்குத் தயங்கிப் பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். மேற்கே போகும்போது பூங்காக் கரை இடப்பக்கம் இருக்கும், அந்தப் பக்கமே உட்காருங்கள். சிறிய படகில் கழிப்பறை கிடையாது. மேலிருந்து விழும் வெயிலோடு நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் சேர்ந்துகொள்ளும், ஆகவே தொப்பியோடு முழுக்கைச் சட்டையும் வேண்டும். மலேரியா உள்ள பகுதி என்பதால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மொரோகோ என்ற கீரையும் அவரைப் பயறும் கிடைக்கின்றன, போகோபே என்று அவர்கள் சொல்வது நம் சோளக்களிக்கு மிக நெருக்கம். ஊருக்குள் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், அங்கே தெருவிலும் யானை வரும்.

மூன்றாம் மாலை, அதே படகோட்டியிடம் சொல்லி அதே படகில் ஏறினோம். ஐந்து மணிக்குமேல் ஒரு குடும்பம் செடுடு தீவுக்கு நீந்திக் கடக்கத் தயாராகி நீர் விளிம்பில் நின்றது. எங்கள் படகை அவர் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, எதிரே வந்த வேறு இரண்டு படகுகளுக்கும் கையை உயர்த்தி நிற்கும்படி சைகை காட்டினார், அவர்களும் நின்றார்கள். முதிய பெண் யானை முதலில் இறங்கியது. ஆழம் வந்ததும் உடல் முழுதும் மறைந்து, தும்பிக்கைகள் மட்டும் நீருக்கு மேலே வரிசையாகத் தெரிந்தன. நடுவில் இரண்டு பெரிய தும்பிக்கைகளுக்கிடையே ஒரு சின்னஞ்சிறு தும்பிக்கை அவ்வப்போது மறைந்து மறைந்து மேலே வந்தது. அது மறையும் ஒவ்வொரு முறையும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பூங்காவை விட்டு இருட்டுவதற்குள் வெளியேறியாக வேண்டும் என்பது சட்டம்; சூரியன் நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கன்று தீவின் சேற்றுக் கரையில் இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை தாயின் தும்பிக்கை பின்னாலிருந்து தள்ள மேலேறி நின்ற பிறகுதான் எங்கள் படகோட்டி எஞ்சினைக் கிளப்பினார்.